சூப்பர் மாரியோ வேர்ல்டில் இறகை வைத்து ஒழுங்காகப் பறப்பது எப்படி

இறகு எடுத்தாயிற்று, மாரியோவின் முதுகில் மஞ்சள் போர்வையும் வந்தாயிற்று, ஆனால் பறக்க வெளிக்கிட்டால் மேலே ஒரு துள்ளுத் துள்ளி, கொஞ்ச நேரம் மிதந்து, நேரே குழிக்குள் போய் விழுகிறான். இதுதானே பிரச்சினை? எனக்குத் தெரிந்த பலர் இந்த விளையாட்டைக் கடைசி வரைக்கும் முடித்தும் இறகை வெறுமனே மெதுவாக விழுவதற்கான சாமானாகத்தான் பாவித்திருக்கிறார்கள். நானும் கனகாலம் அப்படித்தான். உண்மையில் அந்தப் போர்வையை வைத்து, இடையில் ஒன்றும் முட்டாவிட்டால், ஒரு நிலையின் தொடக்கத்தில் கிளம்பி முடிவு வரைக்கும் காலே நிலத்தில் படாமல் போகலாம். அதற்குத் தேவையானது வேகமான விரல் அல்ல, சரியான நேரத்தில் விரலை எடுக்கத் தெரிவது.

போன ஆவணி விடுமுறைக்கு அக்காவின் மகன் வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டில் வந்து நின்றான். ஒன்பது வயது. அவனுக்குச் சொல்லிக்கொடுக்கப் போனபோதுதான் இதை வாயால் விளங்கப்படுத்துவது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தது. "சித்தி, நான் அமத்திக்கொண்டுதானே இருக்கிறன், இவன் ஏன் விழுறான்?" என்று கேட்டான். சரியான கேள்வி. அமத்திக்கொண்டே இருப்பதால்தான் விழுகிறான்.

இந்தப் பிழை எங்கிருந்து வருகிறது என்றால் பெரும்பாலும் பழைய பழக்கத்திலிருந்து. 1988இல் ஜப்பானில் வெளிவந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 3இல் ஒரு இலை வரும், அதை எடுத்தால் மாரியோவுக்குக் காதும் வாலும் முளைக்கும். (தனுக்கி என்ற விலங்கு தலையில் இலையை வைத்து உருமாறும் என்று ஜப்பானில் ஒரு நாட்டார் நம்பிக்கை உண்டு, இலை அங்கிருந்து வந்தது.) அதில் பறப்பதென்றால் ஓடி, துள்ளி, பிறகு துள்ளும் பட்டனைப் பட பட பட என்று அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். நாலு நொடி சொச்சம் பறக்கும், அதோடு சரி. சூப்பர் மாரியோ வேர்ல்ட் 1990 நவம்பர் 21இல் சூப்பர் ஃபாமிகொம் (வெளிநாடுகளில் சூப்பர் நின்டெண்டோ) இயந்திரத்தோடு ஜப்பானில் வெளிவந்தபோது இலை போய் இறகு வந்தது. பறப்பதற்கான முறையும் அடியோடு மாறிவிட்டது. மஞ்சள் கசெட் போட்டு ரீவி கேம் விளையாடி வளர்ந்த நாங்கள், பட்டனை அடித்தால் பறக்கும் என்ற நினைப்பிலேயே இங்கேயும் வந்து அடிக்கிறோம். அடிப்பதை மறந்துவிடுங்கள். இதில் ஒரு பட்டனைக்கூட அடிக்கத் தேவையில்லை.

முதலில் கை வைக்கும் விதம். சூப்பர் நின்டெண்டோ கன்ட்ரோலரில் வலப்பக்கம் நாலு பட்டன்: இடது வை, கீழே பி, வலது ஏ, மேலே எக்ஸ். வை ஓடுவதற்கும் போர்வையை வீசுவதற்கும், பி துள்ளுவதற்கு, ஏ சுழன்று துள்ளுவதற்கு. நின்டெண்டோ ஸ்விட்ச் இயந்திரத்திலும் இதே இடங்கள்தான், அங்கே 2019 செப்டெம்பரிலிருந்து நின்டெண்டோவின் ஒன்லைன் சந்தாவோடு இந்த விளையாட்டு கிடைக்கிறது. இப்போது வலக்கைப் பெருவிரலின் நுனியை வையின்மேல் வையுங்கள். அப்படியே விரலைத் தட்டையாகச் சாய்த்தால் விரலின் நடுப்பகுதி பியின்மேல் வந்து படுக்கும். நுனி எழும்பாமல் நடுப்பகுதி மட்டும் அழுத்தி எடுக்கப் பழக வேண்டும். பெறாமகன் வையை ஒரு விரலாலும் பியை இன்னொரு விரலாலும், கன்ட்ரோலரை மடியில் வைத்து, ஹார்மோனியம் வாசிப்பதுபோல் அமத்திக்கொண்டிருந்தான். அப்படியும் பறக்கலாம், இல்லை என்று சொல்லமாட்டேன், ஆனால் துள்ளும் நேரத்தில் வையிலிருந்து விரல் எழும்பிவிடும். வை விட்டால் பறப்பு விட்டது. ஓடத் தொடங்கியதிலிருந்து இறங்கும்வரை வை அழுத்தியபடியே இருக்க வேண்டும், அது ஒன்றுதான் எப்போதும் பிடித்திருக்கவேண்டிய பட்டன்.

இறகு எங்கே கிடைக்கும் என்று கேட்டால், முதல் பகுதியான யோஷி தீவு முடிந்து டோனட் சமவெளியின் முதல் நிலைக்குப் போங்கள். அங்கே போர்வை கட்டிய ஆமைகள் வரும். எல்லாவற்றிடமும் இறகு இல்லை. நிலத்தில் ஓடி வந்து மேலெழும்புகிற, போர்வை மினுங்கிக்கொண்டிருக்கிற ஆமையின் தலையில் மிதித்தால் இறகு வெளியே வரும். பூவைப்போல அது ஒரு இடத்தில் நிற்காது, மெய்யான இறகுபோல இந்தப்பக்கம் அந்தப்பக்கம் ஆடி ஆடி இறங்கும். அதன் பின்னால் ஓடாதீர்கள், அது வந்து சேரும் இடத்தில் போய் நில்லுங்கள். பிறகு கேள்விக்குறிப் பெட்டிகளிலும் வரும், ஆனால் மாரியோ சின்ன ஆளாக இருந்தால் அதே பெட்டி காளானைத்தான் தரும், ஆகவே முதலில் வளர்ந்துகொள்ள வேண்டும். இரண்டாவது இறகு கிடைத்தால் அது வீணாகாது, திரையின் மேலே நடுவில் உள்ள நீலச் சட்டத்துக்குள் போய் உட்காரும். அடிபட்டுச் சின்ன ஆளாகிவிட்டால் அது தானாக மேலிருந்து விழும், அவசரமென்றால் செலக்ட் அழுத்தி நீங்களாகவும் இறக்கலாம்.

சரி, ஓட்டம்.

பறக்க வேண்டுமென்றால் மாரியோ முழு வேகத்துக்கு வந்திருக்க வேண்டும். மூன்றாம் விளையாட்டில் திரையின் கீழே அம்புக்குறிகள் நிரம்பி அதைக் காட்டிக்கொடுக்கும். இங்கே அப்படி எதுவும் இல்லை, மாரியோவின் கைகளைத்தான் பார்க்க வேண்டும். வையை அழுத்திக்கொண்டு ஓடும்போது முதலில் கைகளைச் சாதாரணமாக வீசி ஓடுவான், வேகம் நிரம்பியதும் இரண்டு கைகளையும் விமானத்தின் செட்டைபோல விரித்துவிடுவான். அதுதான் அடையாளம். கை விரியுமுன் துள்ளினால் சாதாரணத் துள்ளல், விரிந்தபின் துள்ளினால் கிளம்பல். எத்தனை அடி ஓட வேண்டும் என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், இடையில் ஒரு மேடு முட்டினாலோ நீங்கள் தயங்கித் திசைப் பட்டனை விட்டாலோ கணக்கெல்லாம் பிழைத்துவிடும். கைகளைப் பாருங்கள். முன்னால் இடம் போதாவிட்டால் பின்னால் நடந்துபோய்த் திரும்பி ஓடி வாருங்கள், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

கை விரிந்ததும் பியை அழுத்துங்கள், அழுத்தியபடியே வைத்திருங்கள். மாரியோ சரிவாக மேலே ஏறுவான். பியை விடுகிற கணத்தில் ஏற்றம் நின்றுவிடும், அதனால் இந்த முதல் ஏற்றத்தில் கஞ்சத்தனம் வேண்டாம், அவன் தானாக ஏறுவதை நிறுத்தும்வரை பிடித்திருங்கள். உயரம் என்பது இங்கே கையில் உள்ள காசு மாதிரி, பிறகு அதைச் செலவழித்துத்தான் தூரம் வாங்கப் போகிறோம். மேலே போனதும் பியை விட்டுவிடலாம். இனி பிக்கு வேலை இல்லை. இந்த இடத்தில்தான் மூன்றாம் விளையாட்டின் பழக்கம் வந்து கையைப் பிடிக்கும், பியை அடி அடி என்று விரல் துடிக்கும். அடித்தாலும் ஒன்றும் நடக்காது. ஆனால் அடிக்கிற பரபரப்பில் வை கைவிட்டுப் போகும், அதுதான் ஆபத்து.

இப்போது மாரியோ போர்வையை விரித்துக்கொண்டு கிடையாக மிதக்கிறான். நீங்கள் வலப்பக்கம் போய்க்கொண்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்றும் செய்யாமல் விட்டால் மெல்ல மெல்ல அவனுடைய தலை கீழ்நோக்கிச் சரியும், சரியச் சரிய வேகமாக இறங்குவான். முன்பக்கத் திசையை, அதாவது வலது பட்டனை அழுத்தினால் இன்னும் வேகமாகக் குத்தென்று பாய்வான். பின்பக்கத் திசையை, இடதை இழுத்தால் போர்வை காற்றை அள்ளிப் பலூன்போல உப்பும், அவன் நிமிர்ந்து மேலே எழும்புவான். பறக்கும்போது இடதை அழுத்தினால் திரும்பிவிடுவான் என்று பயப்பட வேண்டாம், காற்றில் இருக்கும்வரை திரும்பமாட்டான், அந்தப் பட்டன் அப்போது கடிவாளம் மட்டும்தான்.

எல்லாரும் பிழை விடும் இடம் இதுதான். இடதை இழுத்தால் ஏறுகிறான் என்று கண்டதும் அதைப் பிடித்தபடியே இருந்துவிடுவார்கள். முதல் தடவை ஏறுவான், பிறகு வேகம் செத்துவிடும், உப்பின போர்வையோடு அப்படியே தணிந்து தணிந்து கீழே வருவான். ஏனென்றால் ஏற்றம் சும்மா கிடைப்பதில்லை, முதலில் எவ்வளவு சரிந்தானோ அதற்கேற்றபடிதான் அடுத்த ஏற்றம். சரியவே விடாமல் இழுத்தால் ஏறுவதற்கு ஒன்றும் இல்லை. கொஞ்சம் சரியவிட்டு இழுத்தால் கொஞ்சம் ஏறுவான், நன்றாகச் சரியவிட்டு இழுத்தால் நன்றாக ஏறுவான், ஆகலும் சரியவிட்டால் நிலத்தில் போய்க் குத்துவான்.

பெறாமகனுக்கு இதை மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன், ஏறவில்லை. கடைசியில் கன்ட்ரோலரை வைத்துவிட்டு, பின்னேரம் பஸ் எடுத்து அவனைக் காலிமுகத்திடலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சோளகக் காற்றுக் காலம், கடலிலிருந்து காற்று விடாமல் அடித்துக்கொண்டிருந்தது, புற்றரை நிறையப் பட்டம். ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அப்பா எனக்குச் சொல்லித் தந்ததும் இதே இடத்தில்தான். பட்டம் தலை குத்தத் தொடங்கும்போது நூலைச் சுண்டி இழுக்க வேண்டும், எழும்பியதும் விட்டுக்கொடுக்க வேண்டும். இழுத்துப் பிடித்தபடியே நின்றால் அது ஓரிடத்தில் நின்று ஆட்டம் போடும், விட்டுக்கொண்டே போனால் யாருடைய இஸ்ஸோ வடைத் தட்டிலாவது போய் விழும். அவனுக்கு அரைமணி நேரத்தில் பிடிபட்டுவிட்டது. வீட்டுக்கு வந்து கன்ட்ரோலரைக் கையில் எடுத்ததும், "அப்ப இந்த இடது பட்டன்தான் நூல், என்ன சித்தி?" என்றான். எனக்கு முன்னமே தோன்றியிருந்தால் மூன்று நாள் மிஞ்சியிருக்கும்.

ஆக, தாளம் இப்படி. மாரியோவின் உடம்பைப் பாருங்கள். கிடையிலிருந்து தலை கொஞ்சம் கீழே சாய்ந்ததும் இடதை இழுங்கள். போர்வை உப்பி அவன் மேலே எழும்புவதைக் கண்டதும் விடுங்கள், அவன் உச்சிக்குப் போகும்வரை பிடித்திருக்கத் தேவையில்லை. விட்டால் மறுபடி மெல்லச் சரிவான். சரிந்ததும் இழுங்கள். வாயால் "விடு… இழு" என்று சொல்லிக்கொண்டே செய்தால் கை தானாகப் பழகும், பக்கத்தில் இருப்பவர்கள் சிரிப்பார்கள், பரவாயில்லை. தொடக்கத்தில் சின்னச் சின்னச் சரிவாக எடுங்கள், வலது பட்டனைத் தொடவே தொடாதீர்கள். அலைபோல ஏறி இறங்கி, ஆனால் மொத்தத்தில் உயரம் குறையாமல் போனால் உங்களுக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். அதன்பிறகு வேண்டுமென்றே ஆழமாகச் சரியவிட்டு, ஒரே இழுப்பில் மேலே தூக்கிப் பாருங்கள், ஒரு தடையைத் தாண்டவேண்டிய இடத்தில் அது உதவும்.

பழகுவதற்கு ஏற்கெனவே முடித்த, வானம் திறந்த நிலையாக எடுங்கள், கோட்டைகளும் குகைகளும் சரிவராது, கூரையில் தலை முட்டியதுமே ஏற்றம் போய்விடும். யோஷி தீவின் தொடக்க நிலைகள் போதும். முடித்த நிலை என்றால் இன்னொரு வசதி உண்டு, ஸ்டார்ட் அழுத்தி நிறுத்திவிட்டு செலக்ட் அழுத்தினால் இறகோடு வெளியே வந்துவிடலாம், மறுபடி உள்ளே போகலாம். முதல் நிலையில் வலப்பக்கத்திலிருந்து அந்தப் பெரிய கறுப்புத் தோட்டா வரும், அதில் முட்டினாலும் பதற வேண்டாம். பறந்துகொண்டிருக்கும்போது அடிபட்டால் போர்வை போகாது, பறப்பு மட்டும்தான் கலையும், சுழன்று கீழே விழுவான். நிலத்தில் நடக்கும்போது அதே அடி பட்டிருந்தால் போர்வை போயிருக்கும். இதனாலேயே சில இடங்களில் நடப்பதைவிடப் பறப்பது பாதுகாப்பு, குழி இல்லாத இடம் என்றால் மட்டும்.

பறப்பு கலைந்து விழும்போதோ, நீங்களாக வையை விட்டு விழும்போதோ, பியைப் பிடித்தால் போர்வை படபடத்து மெதுவாக இறங்குவான். குழிக்கு மேலே பறப்பு பிழைத்துவிட்டால் முதலில் நினைவுக்கு வரவேண்டியது இதுதான், பி பிடித்து அக்கரைக்குத் தள்ளுங்கள்.

இறங்குவதற்கு இரண்டு வழி. தாழ வந்து, மெல்லிய சரிவில் நிலத்தைத் தொட்டால் வயிற்றால் வழுக்கிக்கொண்டு போய் நிற்பான். மற்றது குத்துப் பாய்ச்சல்: உயரத்திலிருந்து வலதை அழுத்தி நேரே நிலத்தில் குத்தினால் நிலம் அதிர்ந்து, திரையில் நிலத்தில் நிற்கும் எதிரிகள் எல்லாம் ஒரேயடியாகத் தொலையும். பார்க்க அழகு, பிள்ளைகளுக்கு இதுதான் பிடிக்கும். பெறாமகன் பறக்கப் பழகுவதை இடைநடுவில் விட்டுவிட்டு ஒரு முழுப் பின்னேரம் குத்திக்கொண்டே இருந்தான். நான் தடுக்கவில்லை, ஏனென்றால் ஒவ்வொரு குத்துக்கும் முன்னால் ஒழுங்காக ஓடிக் கிளம்பத்தானே வேண்டும், அந்தப் பயிற்சி இலவசமாகக் கிடைத்தது.

நிலத்தில் நிற்கும்போதும் போர்வை சும்மா இல்லை. வையைத் தட்டினால் ஒரு சுற்றுச் சுழன்று போர்வையை வீசுவான், பக்கத்தில் வரும் எதிரியைத் தட்டிவிடலாம், நிலத்தோடு உள்ள பெட்டிகளைப் பக்கவாட்டில் அடிக்கலாம். ஏயை அழுத்திச் சுழன்று துள்ளினால் துள்ளும் நேரம் முழுக்கப் போர்வையும் சுற்றிக்கொண்டே இருக்கும், இரண்டு பக்கமும் அடிக்கும். எனக்கு நெருக்கடியான இடங்களில் பறப்பதைவிட இந்த ஏதான் நம்பிக்கை. நெருப்புப் பூவா இறகா என்று கேட்டால் நான் கண்ணை மூடிக்கொண்டு இறகைத்தான் எடுப்பேன். பூ ஒரு வேலைதான் செய்யும்.

இனி இதை எங்கே பாவிப்பது. வானம் திறந்த நிலைகளில் எல்லாம் மேலாகப் பறந்து போய்விடலாம், அதனாலேயே இறகு விளையாட்டைக் கெடுக்கிறது என்று சொல்கிறவர்களும் உண்டு. கொஞ்சம் உண்மைதான், எல்லா நிலையையும் மேலாலேயே தாண்டினால் கீழே அவர்கள் கட்டி வைத்த ஒன்றையும் பார்க்காமல் போய்விடுவோம். ஆனால் இந்த விளையாட்டில் எண்ணப்படுகிற வெளிவழிகள் மொத்தம் 96, அவற்றில் சில பறக்கத் தெரிந்தவர்களுக்காகவே ஒளித்து வைத்தவை.

டோனட் பேய்வீடுதான் எனக்கு மிகப் பிடித்த இடம். தொடங்கும் முதல் அறையிலேயே, கதவுகளை நம்பி உள்ளே போகாமல், ஓடிக் கிளம்பி உச்சிக்கு ஏறுங்கள். அறையின் கூரைக்கு மேலேயே நடந்து போக இடம் இருக்கிறது. அதன்மேல் ஏறி வலப்பக்கம் கடைசி வரைக்கும் நடந்தால் இரகசிய வழி. அது உங்களை ஒரு சின்ன இரகசிய இடத்துக்குக் கொண்டுபோகும், அங்கே பெட்டிகளில் இரண்டு பூ, இரண்டு இறகு, நடுவில் மாரியோ ஏறிப்போகும் டைனோசரான யோஷி. வெளியே வந்து மறுபடி போனால் எல்லாம் திரும்ப இருக்கும். எத்தனை தடவை என்றாலும். இறகு தொலைந்துவிட்டால் டோனட் சமவெளியில் ஆமை துரத்திக்கொண்டிருக்கத் தேவையில்லை, இங்கே வந்து ஒன்றை உடுத்திக்கொண்டு இன்னொன்றை நீலச் சட்டத்தில் போட்டுக்கொண்டு போகலாம். பெறாமகன் இதற்கு வைத்த பெயர் "சித்தப்பா வீடு", போகும் நேரமெல்லாம் ஏதாவது தருவார்களாம்.

மற்றது சீஸ் பாலம். அங்கே முடிவுக் கம்பம் கண்ணுக்குத் தெரிந்ததும் எல்லாரும் மகிழ்ச்சியோடு அதற்குள் ஓடிவிடுவார்கள். அதற்குக் கீழாகப் பறந்து போனால் அப்பால் இன்னொரு கம்பம் இருக்கிறது, அது சோடா ஏரிக்கு வழி திறக்கும். இங்கே முன்னம் சொன்ன தாளம் முழுவதும் தேவை, ஏனென்றால் தாழப் போக வேண்டும், ஆனால் விழக் கூடாது. கம்பத்துக்கு முன்னால் சரியவிட்டு, கீழாக நுழைந்து, அப்பால் வந்ததும் உடனே இழுத்துத் தூக்க வேண்டும். நான் முதல் தடவை பயத்தில் முந்தி இழுத்துக் கம்பத்துக்குள்ளேயே ஏறிவிட்டேன், அது சாதாரண வெற்றியாகிப்போய்விட்டது. யோஷியில் போய், கடைசியில் அவனை உதைத்துவிட்டுத் துள்ளித் தாண்டுகிறவர்களும் இருக்கிறார்கள். பாவம் யோஷி.

எல்லாம் சரியாகச் செய்தும் பறப்பு பிழைக்கிறதென்றால் பிழை உங்களில் இல்லாமலும் இருக்கலாம். இப்போதைய தட்டை ரீவிகளில் படம் சற்றுப் பிந்தித்தான் வரும். தலை சாய்ந்ததை நீங்கள் காணும்போது அவன் ஏற்கெனவே ஆழமாகச் சரிந்துவிட்டான். ரீவியின் அமைப்புகளுக்குள் போய் கேம் மோட் என்று ஒன்று இருந்தால் போட்டுவிடுங்கள், வித்தியாசம் கையிலேயே தெரியும். கொம்பியூட்டரில் கீபோர்ட்டில் விளையாடுகிறவர்கள், மலிவான கீபோர்ட்கள் மூன்று கட்டைகளைச் சேர்த்து அமத்தும்போது ஒன்றை விழுங்கிவிடும் என்பதைக் கவனியுங்கள். வலது, வை, பி மூன்றும் கிளம்பும்போது சேர்ந்தே வேண்டும். கிளம்பவே மாட்டேன் என்கிறான் என்றால் கட்டைகளை வேறு இடங்களுக்கு மாற்றிப் பாருங்கள்.

கன்ட்ரோலர் பழசென்றால் திசைப் பட்டனின் இடது பக்கத்தைச் சந்தேகப்படுங்கள். எங்கள் வீடு கடலுக்குக் கிட்ட, உப்புக்காற்று எதையும் விட்டுவைக்காது. பெறாமகன் மூன்றாம் நாளும் விழுந்துகொண்டிருந்தபோது பழக்கம்தான் காணாது என்று நினைத்தேன், பிறகு நானே எடுத்து விளையாடியபோதுதான் பத்துத் தடவை இடது அமத்தினால் ஆறு தடவைதான் எடுக்கிறது என்று தெரிந்தது. திருத்துகிற கடை ஒன்றில் காட்டினேன், போர்ட் முடிந்தது, புதுசு வாங்குங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து ஆணியைக் கழற்றிப் பார்த்தால் றப்பருக்குக் கீழே கறுப்பு அழுக்கு, அவ்வளவுதான். ஐசோபுறொப்பைல் அல்கஹோலில் பஞ்சை நனைத்து றப்பரின் கறுப்புப் புள்ளியையும் போர்டில் அது தொடும் இடத்தையும் மெதுவாகத் துடைத்து, நன்றாகக் காயவிட்டுப் பூட்டினேன். வேலை செய்கிறது. அழுத்தித் தேய்க்க வேண்டாம், அந்தக் கறுப்புப் பூச்சு போனால் உண்மையிலேயே முடிந்தது. ஜோய்ஸ்டிக் இருந்தாலும் இதற்குத் திசைப் பட்டனே நல்லது, ஸ்டிக்கை இடதுக்கு இழுக்கும்போது அது சரிவாகக் கீழேயும் போய்த் தொலையும்.

கேம்போய் அட்வான்ஸில் வந்த பதிப்பில் பட்டன்கள் வேறு, அங்கே ஓட பி, துள்ள ஏ, சுழல ஆர். பறக்கும் முறை ஒன்றுதான். அதில் ஒரு சலுகையும் உண்டு, போர்வையோடு அடிபட்டால் நேரே சின்ன ஆளாகாமல் பெரிய மாரியோவாகத்தான் இறங்குவான், பழகுகிறவர்களுக்கு நல்லது.

பெறாமகன் ஊருக்குப் போவதற்கு முதல்நாள் பின்னேரம் ஒரு நிலையை முழுக்கப் பறந்து முடித்தான். இழுக்கும் ஒவ்வொரு தடவையும் கதிரையோடு சேர்ந்து பின்னால் சாய்ந்தான், விடும்போது முன்னால் வந்தான், அக்கா தேத்தண்ணியோடு பின்னால் வந்து நின்றதுகூடத் தெரியாது. முடித்த கையோடு கேட்ட கேள்வி, யோஷியின்மேல் இருந்துகொண்டு போர்வையால் பறக்க முடியாதா என்பது. முடியாது. யோஷியின்மேல் இருக்கும்போது பி பிடித்தால் மெதுவாக விழலாம், கிளம்ப முடியாது. நீல ஆமையோட்டை வாயில் வைத்திருந்தால் யோஷிக்கே செட்டை முளைக்கும், அது வேறு கதை. மற்றபடி இறங்கு, பின்னால் நடந்து போ, திரும்பி ஓடு, கை விரியட்டும்.